தம்பலகாமத்து வயலில் ஒனெஸ்ட் ஜோன்

சந்திரனில் ஆள் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், திருகோணமலை நீர்ப்பாசனக் கந்தோரில் புஷ்பவதியின் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து, அவசரமில்லாமல் விரித்து வைத்தார். ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து கிழித்த படம். பெரிய பட்டாளத்து லொறி ஒன்று, அதன் முதுகில் சரிவாகக் கிடந்த ஒரு ரொக்கெட். தலை பருத்து, இடை ஒடுங்கி, வாலில் நாலு செட்டைகள்.

"மிஸ், இதைப் படமாக் கீறித் தர ஏலுமோ? பக்கத்தால பாத்தால் ஒண்டு, பின்னால பாத்தால் ஒண்டு. அளவுப் பிரமாணம் பிழைக்கக் கூடாது."

புஷ்பவதி தலை நிமிர்ந்தாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். கை விரல்களில் பழைய உளிக் காயங்கள்.

"இது கந்தோர் வேலை இல்லையே. நீங்கள் ஆர்?"

அவர் தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டார். இடக்காது கேட்காது என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அருளம்பலம். துறைமுக வேர்க்சொப்பில இருந்து வாறன். உங்கட மதகுக் கதவெல்லாம் நாங்கள்தானே வார்க்கிறது. வார்க்க முந்தி மரத்தில உருவம் செய்து மணலில பதிக்க வேணும். அந்த மரவேலை என்ர. பன்னிரண்டு வருசமா உங்கட படத்தைப் பாத்துத்தான் செதுக்கிறன். மூலையில உங்கட இனிசல் கிடக்கும். கோடு ஒருக்காலும் நடுங்கினதில்லை."

அந்தக் கந்தோரில் புஷ்பவதி பதினாறு வருடமாக ட்றேசர். எஞ்சினியர்மார் பென்சிலால் கீறித் தருகிற வாய்க்கால்களையும் மதகுகளையும், மெழுகு பூசியது போல மினுங்கும் ட்றேசிங் துணியில் கறுப்பு மையால் பிரதி எடுப்பதே அவள் வேலை. கந்தளாயில் தொடங்கித் தம்பலகாமம் வரை எத்தனையோ வாய்க்காலை அவள் கை இழுத்திருக்கிறது. ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. படம் முடிந்தால் எஞ்சினியர் ஐயா கையெழுத்து வைப்பார், படம் எங்கேயோ போகும். போன இடத்தில் ஒருவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் புதுச்செய்தி.

"விட்டிட்டுப் போங்கோ. பாப்பம்," என்றாள்.

அன்புவழிபுரத்தில் அண்ணன் வீட்டில்தான் அவள் இருந்தாள். அண்ணன் வவுனியாப் பக்கம் ஸ்டேசன் மாஸ்டர், மாதக் கடைசியில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் அண்ணி நல்லம்மாவும் அவளும்தான். முதலில் அப்பா பாயில் கிடந்தார், பிறகு அம்மா. இரண்டு பேரையும் பார்த்து முடிக்க, பெண் கேட்டு வருகிறவர்களும் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அதற்காக அவள் அழுததில்லை. பிழையாகிப்போன ட்றேசிங் துணியைக் கந்தோரிலிருந்து கொண்டுவந்து தண்ணீரில் ஊறப்போட்டுக் கஞ்சியைக் கழுவிவிட்டால், உள்ளே பட்டுப்போல மெல்லிய வெள்ளைத் துணி இருக்கும். அதில் முகம் துடைக்கும் லேஞ்சி தைத்து, ஓரத்துக்குப் பூப்போடுவாள். அது அவளுடைய பொழுதுபோக்கு.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்ததும் நல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள் இது? கீழ ஏதோ பேர் கிடக்கு."

"ஒனெஸ்ட் ஜோன். நேர்மையான ஜோன் எண்டு கருத்து."

"ஆளைக் கொல்லுற சாமானுக்கு நேர்மையான ஜோனோ? நல்லாயிருக்கு!"

படத்தை அளந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. படம் பிடித்தவன் லொறியின் முன்பக்கமாகச் சரிந்து நின்று பிடித்திருக்கிறான். ஆகவே ரொக்கெட்டின் தலை பெரிதாகவும் வால் சிறிதாகவும் தெரிந்தது. அப்படியே கீறினால் அது வேறொரு சாமானாகிவிடும். புஷ்பவதி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் நின்றபோது பளிச்சென்று பட்டது. லொறிக்கு முன் சில்லும் பின் சில்லும் ஒரே அளவுதானே? படத்தில் பின் சில்லு எவ்வளவு சிறுத்திருக்கிறதோ, அந்த விகிதத்தில்தான் ரொக்கெட்டின் வாலும் சிறுத்திருக்கும். வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அளவுகோலை எடுத்தாள்.

அருளம்பலம் அடுத்த கிழமை வந்தபோது, பதினேழரை அங்குல நீளத்தில் ரொக்கெட் துணியில் தயாராக இருந்தது. சில்லுக் கணக்கை அவள் சொல்லக் கேட்டவர், துணியைத் தொடாமல் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"எனக்கு இந்த யோசனை ஓடியிராது, மிஸ்."

"இதைச் செய்து என்ன செய்யப் போறீங்கள்?"

"பறக்க விடப் போறன்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பழைய சிநேகிதர் ஜெமீல், கிண்ணியாக்காரர், கப்பலில் வேலை. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் விளையாட்டுச் சாமான் கடையில் விரல் நீளக் கடதாசிக் குழல்கள் விற்பதைக் கண்டிருக்கிறார். உள்ளே மருந்து அடைத்த குழல்கள். சின்ன ரொக்கெட்டை அவை மேலே தள்ளிவிட்டு, உச்சிக்குப் போனதும் மெல்ல வெடித்துப் பரசூட்டை வெளியே உதைக்கும். ஜெமீல் மூன்று குழலும் அந்தப் படமும் கொண்டுவந்து கொடுத்து, "மிச்சம் உன்ட வேலை மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பதினாறு வயசில டொக்யார்ட்டுக்குப் போனனான்," என்றார் அருளம்பலம். "வெள்ளைக்காரன் இருக்கேக்கையும் சரி, போன பிறகும் சரி, நான் செய்த மரம் மணலுக்குள்ள போய்த் திரும்ப றாக்கையில ஏறிடும். கப்பலில போறது இரும்புதான். ஒருக்காலாவது மரமே போகட்டும் எண்டு ஒரு ஆசை."

அவளுக்கு அந்த ஆசை விளங்கியது. அது எப்படி விளங்கியது என்றுதான் விளங்கவில்லை.

தலைப்பகுதியை அவர் முள்முருக்கு மரத்தில் கடைந்தார். அந்தப் பக்கத்தில் அதைவிடப் பாரம் குறைந்த மரம் கிடையாது. உடம்பு, பித்தளைக் குழாயொன்றில் பசை பூசிச் சுற்றி உருவிய கடதாசி. செட்டைகள் சீவி எடுத்த மெல்லிய பலகை. ஒவ்வொரு துண்டு முடிந்ததும், படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அன்புவழிபுரத்துக்குச் சைக்கிளில் வந்தார். முதல் ஞாயிறு முற்றத்தில் நின்றார். இரண்டாவது ஞாயிறு நல்லம்மா கதிரை போட்டாள். மூன்றாவது ஞாயிறு தேத்தண்ணியோடு வடையும் வந்தது. புஷ்பவதி எப்போதும் அவருடைய வலப்பக்கத்தில் நின்றே கதைத்தாள். அதை நல்லம்மா கவனித்தாள்.

ஒரு நாள் நல்லம்மா நேரடியாகவே கேட்டாள். "ஏன் அண்ணை, சந்திரனுக்குப் போனதைச் செய்யலாமே? சண்டைச் சாமான் ஏன்?"

அருளம்பலம் கிளாசைக் கீழே வைத்தார். "ஜப்பான்காரன் இஞ்ச குண்டு போட்ட அண்டைக்கு நான் டொக்யார்ட்டில. பத்தொன்பது வயசு. இந்தக் காது அண்டைக்குப் போனது. எனக்குப் பக்கத்தில நிண்டவன்..." இடக்காதைத் தடவிக்கொண்டார். "மேல இருந்து வாறதெண்டால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும், தங்கச்சி. அப்பிடிப்பட்ட ஒண்டு மெல்லமா ஆடி ஆடி இறங்கிறதை என்ர கண்ணால பாக்க வேணும்."

நல்லம்மா அவருடைய கிளாசில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள். அவருடைய வீட்டுக்காரி பதினாலு வருடத்துக்கு முந்தி நெருப்புக் காய்ச்சலில் போனது, பிள்ளைகள் இல்லாதது, சோற்றைத் தானே காய்ச்சுவது எல்லாம் அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

தை மாதம் ரொக்கெட் பூரணமானது. பெயின்ற் அடித்து, கோடுகள் இட்டு, பார்க்க அழகாக இருந்தது. குழலோடு வந்த துண்டில் மொத்தப் பாரம் நாலு அவுன்சுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருந்தது. புஷ்பவதியின் யோசனைப்படி தபால் கந்தோரில் கடிதம் நிறுக்கும் தராசில் வைத்தார்கள். ஐந்தேகால். கவுண்டரில் இருந்தவர், "எங்க அனுப்பிறீங்கள்?" என்று கேட்டார். "மேல," என்றார் அருளம்பலம்.

ரொக்கெட்டின் தலையை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டினார். பாரம் இறங்கியது. ஆனால் ரொக்கெட்டின் நடுப்பாரத்தில் நூல் கட்டி நல்லம்மாவின் முற்றத்தில் தலைக்கு மேலே சுழற்றியபோது, அது நேராகப் போகாமல் வாலை முன்னே போட்டுக்கொண்டு குத்துக்கரணம் அடித்தது. கோழிகள் வேலிக்கு ஓடின. இப்படிச் சுழன்றால் மேலேயும் இப்படித்தான் போகும்.

"தலை பாரமா இருக்க வேணும், மொத்தம் பாரம் குறைய வேணும்," என்று அவர் நெற்றியைத் தடவினார். "ரெண்டும் எப்பிடி ஒத்துவரும்?"

புஷ்பவதி ரொக்கெட்டைக் கையில் வாங்கி, நகத்தால் வாலைச் சுரண்டினாள். "எத்தினை தரம் பெயின்ற் அடிச்சனீங்கள்?"

"நாலு தரம்."

"பாரமெல்லாம் வாலில கிடக்கு. சுரண்டுங்கோ. நான் கந்தோர் மையைக் கரைச்சு ஒருக்காப் பூசி விடுறன்."

அரைநாள் முழுக்க இரண்டு பேரும் மண்கடதாசியால் தேய்த்தார்கள். செட்டைகள் வெற்றிலை மாதிரி மெல்லியதாயின. அடுத்த சுழற்றலில் ரொக்கெட் தலை முன்னே, வால் பின்னே, கட்டிவிட்ட கன்று போல ஒழுங்காகச் சுற்றிவந்தது. தபால் கந்தோர்த் தராசில் நாலு அவுன்சுக்குச் சற்றுக் குறைய.

பரசூட்டைப் புஷ்பவதி தைத்தாள். கழுவிய ட்றேசிங் துணியை வட்டமாக வெட்டி, எட்டு மூலைக்கு எட்டு நூல்.

தம்பலகாமத்தில் நல்லம்மாவின் தகப்பனுக்கு வயல் இருந்தது. மாசியில் அறுவடை முடிந்து வெட்டையாகக் கிடந்தது. படங்கள் வைக்கும் தகரக் குழாயில் ரொக்கெட்டை வைத்து மூன்று பேரும் காலைப் பஸ்ஸில் போனார்கள். வயலில் நின்ற உழவு மெசினின் பற்றரியிலிருந்து கம்பி இழுத்தார் அருளம்பலம். குழலின் வாயில் சொருகிய மெல்லிய கம்பி சூடேறினால் மருந்து பற்றும். நிலத்தில் குத்திய உருக்குக் கம்பியில் ரொக்கெட் நின்றது.

கம்பியைப் பற்றரியில் தொட்டதும் சீறல். கண் இமைக்க முந்தி அது மேலே போய்விட்டது. நல்லம்மா "ஐயோ!" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். வெள்ளைப் புகைக்கோடு நேராக ஏறி, உச்சியில் வளைந்தது. ஒரு சின்ன வெடிச்சத்தம். பிறகு ரொக்கெட் தலைகீழாகத் திரும்பி, வந்த வேகத்திலேயே இறங்கி, அறுத்த நெல்லின் ஒட்டுக்கட்டைகளுக்கு நடுவே குத்தி நின்றது.

பரசூட் வெளியே வந்திருந்தது, விரியவில்லை. சுருட்டிய சுருட்டாகவே ஒட்டிக் கிடந்தது. ஒரு செட்டை முறிந்து, கழுத்து நசுங்கியிருந்தது. அருளம்பலம் அதற்குப் பக்கத்தில் வரப்பில் குந்திவிட்டார். நெஞ்சைப் பதறவைக்கும் அந்தக் காட்சியை அவர் இன்னொரு தரம் பார்த்திருந்தார்.

புஷ்பவதி துணியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். விரலில் பிசுபிசுத்தது.

"கஞ்சி முழுக்கப் போகேல்லை," என்றாள். "பனி பட்டதும் ஒட்டிப்போச்சு. நான் இன்னும் ரெண்டு தண்ணி அலசியிருக்க வேணும். பிழை என்ர."

"இல்லை மிஸ். நான்தான் இறுக்கிச் சுருட்டினது."

"கஞ்சி இருந்தது, நான் சொல்லுறன்."

"சுருட்டினது நான், எனக்குத் தெரியாதோ?"

"சரி, சரி," என்று நல்லம்மா சோற்றுப் பொதியை அவிழ்த்தாள். "பிழையைப் பங்கு போட்டது காணும். சாப்பிடுங்கோ."

அதைத் திருத்தி எடுக்க ஐந்து கிழமை பிடித்தது. இந்த முறை புஷ்பவதி துணியை ஒன்பது தண்ணீர் அலசினாள். பங்குனிக் கடைசியில் ஜெமீலின் கப்பல் தேயிலை ஏற்ற வந்ததால், அவரும் கூட வந்தார். பெரிய உடம்பும் பெரிய சிரிப்புமான மனிதர். வயலில் இப்போது ஒரு வித்தியாசம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். போன தடவை காய்ந்து கிடந்த வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் கரை முட்ட ஓடியது.

"எண்ணுறது நான்!" என்றார் ஜெமீல். பத்திலிருந்து இறங்கி எண்ணினார். ஏழை விட்டுவிட்டார், ஒருவரும் திருத்தவில்லை.

ரொக்கெட் சீறிக்கொண்டு ஏறியது. அருளம்பலம் நெற்றிக்குக் கை கொடுத்துப் புகையின் உச்சியையே பார்த்தபடி நின்றார். உச்சியில் வெடித்த மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. காற்று ரொக்கெட்டை இடப்பக்கமாகத் தள்ளியிருந்ததும் தெரியவில்லை. வெறும் வானத்தை அவர் தேடிக்கொண்டிருக்க, அவருடைய கேளாத காதின் பக்கத்தில், வெள்ளைத் துணி மொட்டு விரிவதுபோல விரிந்தது. அதன் கீழே அவருடைய மரம் ஆடி ஆடி இறங்கத் தொடங்கியது. அவர் பார்க்காமலே அது இறங்கிவிடப் போகிறது.

"இஞ்சாருங்கோ!" என்று புஷ்பவதி கத்தினாள். "இஞ்சாருங்கோ! இடப்பக்கம்! இடப்பக்கம் பாருங்கோ!"

பெண்சாதிமார் புருசனைப் பேர் சொல்லாமல் கூப்பிடுகிற கூப்பாடு அது. அந்த நாள்வரை அவள் அவரை "மிஸ்டர் அருளம்பலம்" என்றுதான் அழைத்துவந்தாள். நல்லம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஜெமீல் வானத்தைப் பார்க்க வேண்டியவர் அருளம்பலத்தைப் பார்த்தார். அருளம்பலம் திரும்பினார், முதலில் அவளை, பிறகு அவள் விரல் காட்டிய திசையை. பரசூட்டைக் கண்டதும் அவருடைய வாய் மெல்லத் திறந்தது. கண் கலங்கியதை மறைக்க அவர் நினைக்கவில்லை.

பரசூட் ஆறுதலாக இறங்கி, வாய்க்காலுக்குள் விழுந்தது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது.

"போச்சுடா மச்சான்!" என்று ஜெமீல் கரையோரமாக ஓடப் பார்த்தார்.

"அப்பிடி ஓடாதேங்கோ!" என்றாள் புஷ்பவதி. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். "அங்கால வாய்க்கால் வளைஞ்சு திரும்பி வரும். வளைவு முடிய மதகு. அந்த மரத்தடியால குறுக்கால போனால் முந்திப் போய் நிக்கலாம்."

"நீங்க அங்கால போயிருக்கிறீங்களா தங்கச்சி?"

"போகேல்லை. கீறினனான்!"

நாலு பேரும் வயலுக்குக் குறுக்கே ஓடினார்கள். மரத்தைத் தாண்டியதும் மதகு இருந்தது. அவள் துணியில் ஒரு அங்குலத்தில் இழுத்த மதகு, ஆள் உயரத்தில், பாசி பிடித்து, தண்ணீர் இரைச்சலோடு நின்றது. ஒரு கணம் புஷ்பவதி ரொக்கெட்டை மறந்து அதையே பார்த்தாள். அதற்குள் வெள்ளைத் துணி மிதந்து வந்தது. அருளம்பலம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். கடதாசி உடம்பு ஊறித் தோசை மாதிரித் தொங்கியது. தலையும் செட்டையும் முழுசாக இருந்தன.

"கண்டீங்களோ மிஸ்? மெல்லமா வந்தது. கண்டீங்களோ?"

"கண்டனான்," என்றாள்.

ஜெமீல் கிண்ணியாப் பக்கம் பிரிந்து போனார். திரும்பிப் போகும் பஸ்ஸில் நல்லம்மா வேண்டுமென்றே முன்னுக்குப் போய் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். புஷ்பவதி, அருளம்பலத்தின் வலப்பக்கத்து இடத்தில் இருந்தாள். பஸ் சீனக்குடாவைத் தாண்டியது.

"வயலில என்னை ஒரு மாதிரிக் கூப்பிட்டீங்கள்," என்றார் அவர் கடைசியில்.

"வாயில வந்திட்டுது. குறை நினைக்காதேங்கோ."

"குறையோ?" அவர் ஈரக் காற்சட்டையின் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கேக்காத காதிலயும் கேட்டது. நான் உங்கட அண்ணையை வந்து கண்டால் என்ன சொல்லுவார்?"

புஷ்பவதி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. "அவர் மாசக் கடைசியிலதான் வருவார்," என்றாள். பிறகு, "வெள்ளிக்கிழமை. பின்னேர றெயில் கோச்சியில," என்றாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. ஜெமீல் கடலில் இருந்தார்; சிங்கப்பூரிலிருந்து தந்தி அடித்தார். துறைமுகத்துக் குவாட்டர்ஸில் இரண்டு அறை வீடு. மூன்றாவது குழலை அடுத்த அறுவடைக்கென்று வைத்திருந்தார்கள். அந்த அறுவடையில் அருளம்பலத்துக்குக் காய்ச்சல். அதற்கடுத்த சித்திரையில் நாட்டில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. ஊரடங்குச் சட்டம், வீடு வீடாகச் சோதனை. மருந்து அடைத்த குழலை எவருக்கு விளங்கப்படுத்துவது? அருளம்பலம் அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். அது ஊறிப் பிரிந்து, பழுப்புச் சுருளாகக் கரைவதை இரண்டு பேரும் குசினி வாசலில் நின்று பார்த்தார்கள். சாம்பல் நிறத் தண்ணீரை அவர் தோட்டத்து மூலையில் ஊற்றிவிட்டு வந்தார்.

"ஒருக்காப் பறந்தது, ஒருக்கா விழுந்தது," என்றார். "உமக்குக் காணுமோ?"

"காணாது," என்றாள் புஷ்பவதி. "ஆனால் இப்ப ஏலாதே."

வெளியே ஒரு ஜீப் போனது. இரண்டு பேரும் அது தூரம் போகும்வரை பொறுத்திருந்தார்கள். வேலைக்குப் போக முடியாது, கடை இல்லை, செய்ய ஒன்றுமில்லை. அருளம்பலம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"எனக்கு ஒரு கதிரை செய்து தாருங்கோவன்," என்றாள். "குசினிக்குள்ள இருந்து தேங்காய் துருவ. சாய்மானம் வேண்டாம். முதுகு நோகாத மாதிரி."

அவர் உடனே போய் அளவுநாடாவை எடுத்துவந்தார். அவளை நிற்கவைத்து, இருக்கவைத்து, முழங்காலிலிருந்து குதிக்கால்வரை மூன்று தரம் அளந்து, கதவில் கரியால் எழுதினார். கட்டிலுக்குக் கீழே கிடந்த வேப்பம் பலகையை இழுத்துப் போட்டு வேலை தொடங்கினார். மூன்றாம் நாள் கதிரை முடிந்தது. புஷ்பவதி இருந்து பார்த்தாள். கால் நிலத்தில் படவில்லை, விரல்நுனி மட்டும் பட்டது.

"உயரம் கூடிப்போச்சு," என்றாள்.

"இராது. நாடாவில பாத்தனான்."

"நீங்கள் அளக்கேக்க நான் செருப்போட நிண்டனான்."

அருளம்பலம் அவளையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளைக் கதிரையை விட்டு எழும்பவிடாமல், தானே குனிந்து, அவளுடைய குதிக்காலுக்கும் நிலத்துக்கும் இடையில் பென்சிலை வைத்து அளவு எடுத்துக்கொண்டு, கதிரைக் காலை அரிய மரவாளை எடுக்கப் போனார்.